சனிக்கிழமைகளை இழந்த ஊர் (கம்பம் பள்ளத்தாக்குப் பயணம் – 4: குச்சனூர்)

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், சின்னமனூரிலிருந்து மார்க்கையன்கோட்டை வழியாகச் சென்றடையும் குச்சனூர், சுற்றியுள்ள மற்ற ஊர்களைப் போலவே நெல்லும் வாழையும் தென்னையும் சூழ்ந்த சிறு பேரூராட்சி. ஆயினும் பயிரை மட்டும் நம்பாமல் வாரத்தின் ஒரு கிழமையையும் நம்பிப் பிழைப்பதில் இவ்வூர் மற்றவற்றினின்றும் வேறுபடுகிறது. சுரபி நதிக்கரையில் உள்ள சுயம்பு சனீசுவர பகவான் கோயிலுக்குச் சனிக்கிழமைதோறும் வெளியூர் மக்கள் வருகின்றனர். ஆடி மாதத்துச் சனிக்கிழமைகளில் அவ்வருகை பெருந்திரளாகிறது. 2020 மார்ச் இறுதியில் தொடங்கிய பொதுமுடக்கம், அதாவது நோய்ப் பரவலைத் தடுக்க மக்கள் நடமாட்டத்தையும் போக்குவரத்தையும் தொழிலையும் ஒருசேர நிறுத்திய அரசாணைகளின் தொகுதி, இத்தகைய ஓர் ஊரை எவ்வாறு தொட்டது என்பதை அவ்வூருக்குச் செல்லும் வழியிலிருந்தே பார்த்துவருவது பொருத்தமாகும்.

மதுரையிலிருந்து மேற்கே வரும் பயணி உசிலம்பட்டியைக் கடந்து ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறி இறங்கியதும் தேனி மாவட்டத்தின் நிலம் விரிகிறது. இன்று இருப்புப்பாதையும் இவ்வழியே உண்டு. ஆனால் முடக்கக் காலத்தில் இம்மாவட்டத்துக்குத் தொடர்வண்டியே கிடையாது. மதுரை–போடி மீட்டர் பாதை அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010 டிசம்பர் இறுதியில் மூடப்பட்டது. தேனி வரை மீண்டும் வண்டி ஓடியது 2022 மே மாதத்தில், போடிக்கு 2023 ஜூனில். ஆகவே மற்ற மாவட்டங்கள் வண்டியும் பேருந்தும் ஆகிய இரண்டையும் இழந்தபோது, தேனி தன்னிடம் இருந்த ஒரே வழியான சாலையை இழந்தது. 2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாடு முழுவதும் 144 தடையுத்தரவு நடப்புக்கு வந்தது; அன்று நள்ளிரவு முதல் நாடு தழுவிய முடக்கம் தொடங்கியது. 21 நாள் என்று அறிவிக்கப்பட்ட அது மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது.

ஜூன் 1 அன்று தமிழ்நாடு எட்டு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு மண்டலத்துக்குள் மட்டும் பாதியளவு பேருந்துகள், அறுபது விழுக்காடு இருக்கைகளில் பயணிகளுடன் ஓட இசைவு கிடைத்தது. தேனியும் மதுரையும் திண்டுக்கல்லும் ஐந்தாம் மண்டலத்தில் இருந்தமையால், குச்சனூருக்கு வழக்கமாக வரும் மக்களில் பெரும்பகுதியினர் சட்டப்படி வந்துபோகக் கூடிய நிலை சில வாரங்கள் நிலவியது. எனினும் கோயில் நடை திறக்கப்படவில்லை. ஜூன் இறுதியில் மாவட்ட எல்லைகளே வேலிகளாயின. ஜூலை 1 முதல் பேருந்துகளும் மீண்டும் நின்றன. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இணையவழி அனுமதிச் சீட்டு வேண்டும்; மக்கள் வழக்கில் ‘இ-பாஸ்’ எனப்பட்ட இச்சீட்டுக்கு நெருங்கிய உறவினர் இறப்பு, திருமணம், மருத்துவம் முதலான சில காரணங்களே ஏற்கப்பட்டன. நேர்த்திக்கடன் அப்பட்டியலில் இல்லை. ஆகஸ்டு 17 முதல் விண்ணப்பித்த அனைவருக்கும் சீட்டு வழங்கப்பட்டு, செப்டம்பர் 1 அன்று மாநிலத்துக்குள் அம்முறை அடியோடு நீக்கப்பட்டது.

நோயை முன்னிட்டுப் பயணியை வழிமறிப்பது தமிழ் மக்களுக்குப் புதிதன்று என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். பம்பாய்ப் பிளேக்கை ஒட்டி 1897-இல் இயற்றப்பட்ட கொள்ளைநோய்ச் சட்டமே 2020-இலும் அரசுகளின் கைக்கருவியாயிற்று. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தனிமைப்படுத்தப்பட்டு, மருத்துவர் பார்த்த பின்னரே கடல் கடக்க விடப்பட்டனர். தோட்டத்துக்குப் போகும் ஏழையின் உடலே முதலில் ஐயத்துக்கு உள்ளாகும் அந்தப் பழைய வழக்கம், கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கெல்லையில் நூறாண்டு கழித்தும் மாறியிருக்கவில்லை.

அந்த எல்லையைச் சொல்லாமல் இவ்வட்டாரத்தின் அன்றாட வாழ்வைச் சொல்ல முடியாது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்று மலைவழிகளிலும் நாள்தோறும் விடியற்காலையில் ஜீப்புகள் ஏறும். அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்து இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குச் செல்வோரில் பெரும்பாலோர் பெண்கள். இருட்டிலேயே சோறு பொங்கித் தூக்குவாளியில் அடைத்துக்கொண்டு புறப்படும் இவர்கள் பொழுது சாய இறங்கி வருவர். மாநில எல்லை மூடப்பட்டதும் ஜீப்புகள் நின்றன. வேலை கேரளத்திலும் வீடு தமிழ்நாட்டிலுமாக வாழ்ந்தவர்கள், ஒரு நாள் கூலிக்கு இரண்டு அரசுகளின் அனுமதியை வேண்டி நிற்கும் நிலைக்கு ஆளாயினர். புற்றடியிலும் போடியிலும் நடைபெறும் ஏலக்காய் மின்னணு ஏலமும் அந்த மார்ச்சில் நின்றது.

முடக்கத்தின் முதல் பலி இப்பகுதியில் நோயால் நேரவில்லை. மார்ச் 24 அன்று, இடுக்கித் தோட்டத்திலிருந்து ஊர் திரும்ப வண்டியின்றிக் காட்டுப்பாதையில் நடந்து இறங்கிய தொழிலாளர் குழு ஒன்று, போடி வட்டம் இராசிங்காபுரத்தை அடுத்த மலைச்சரிவில் காட்டுத்தீயில் சிக்கியது. ஒரு குழந்தை உட்படச் சிலர் உயிரிழந்தனர். கோடையில் போதைப்புல் காய்ந்து கிடக்கும் அச்சரிவுகளில் தீ எவ்வளவு விரைவாக ஏறும் என்பதை, 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறச் சென்றோர் மாண்டபோதே இம்மாவட்டம் கண்டிருந்தது. சாலையும் வண்டியும் இருந்திருந்தால் அக்குழு அந்தப் பாதையில் கால் வைத்திருக்க வேண்டியதில்லை. நெடுஞ்சாலைகளில் நூற்றுக்கணக்கான கல் நடந்த வடமாநிலத் தொழிலாளர்களை நாடு பேசிற்று. அந்த நெடும்பயணங்கள் செய்தியாவதற்கு முன்பே நடந்த இந்தக் குறுகிய நடை, அதற்குரிய அளவில் இன்றும் பேசப்படவில்லை.

தேனியிலிருந்து கம்பம் செல்லும் சாலையில் முதலில் எதிர்ப்படும் வீரபாண்டியில் கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழா 2020, 2021 ஆகிய ஈராண்டும் நடைபெறவில்லை. முல்லை ஆற்றில் குளித்துத் தீச்சட்டி ஏந்திவரும் கூட்டமும், இராட்டினங்களும், பொரிகடலைக் கடைகளும் இல்லாத வீரபாண்டியை நினைத்துப் பார்ப்பதே இப்பகுதி மக்களுக்குக் கடினம். சின்னமனூரில் வாழைத்தாருக்கும், அதற்கப்பால் காமயகவுண்டன்பட்டி, கூடலூர்ப் பக்கத்துப் பன்னீர்த் திராட்சைக்கும் வாங்குவார் வரவில்லை. வேளாண்மைக்கு விலக்கு அளிக்கப்பட்டது உண்மையே. பறிக்கத் தடையில்லை, ஆனால் பழக்கடையும் சந்தையும் கல்யாண வீடும் அடைபட்டிருக்கையில் பறித்த பழம் எங்கே போகும் என்பதற்கு அந்த விலக்கில் விடை இல்லை.

குச்சனூருக்குள் நுழையும்போது காணும் பொருளாதாரம் இன்னும் மெல்லியது. செண்பகநல்லூர் என்றிருந்த ஊர், சந்திரவதனன் என்பான் சனி பகவானுக்குக் குச்சுப்புல்லால் கூரை வேய்ந்து கோயில் எடுத்ததால் குச்சனூர் ஆயிற்று என்று தலபுராணம் கூறும். சனி என்னும் கோள் ஒருவரின் பிறப்பு இராசிக்கு முந்திய இராசியிலும், அதே இராசியிலும், அடுத்த இராசியிலும் இரண்டரை இரண்டரை ஆண்டாகத் தங்கும் காலத்தை ஏழரைச் சனி என்பர். அக்காலத்தின் கடுமை குறைய வேண்டியே மக்கள் இங்கு வருகின்றனர். வந்தவர் ஆற்றில் குளிக்கிறார். எள்ளைக் கறுப்புத் துணியில் முடிந்த சிறு பொட்டலத்தை நல்லெண்ணெயில் நனைத்து விளக்கேற்றுகிறார். காக்கை உருவம் ஒன்றை வாங்கித் தலையைச் சுற்றி வைக்கிறார். காக்கைக்கு எள்சாதம் இடுகிறார். இந்தச் சடங்குகள் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு கை இருக்கிறது. எள் முடிச்சைக் கட்டுபவர், அகல் விற்பவர், காக்கை உருவம் செய்பவர், பொரி அளப்பவர், செருப்பைப் பார்த்துக்கொள்பவர், ஆட்டோ ஓட்டுபவர், பேருந்து நிற்குமிடத்தில் இட்லி அவிப்பவர் என நீளும் இவ்வரிசையில் ஒருவருக்கும் மாதச் சம்பளம் இல்லை. ஆறு நாள் கட்டிவைத்த எள் முடிச்சு ஏழாம் நாள் விலைபோகும்; அந்த ஏழாம் நாளே இல்லாது போனால் துணியில் முடிந்த எள் எண்ணெய் காணாமலே கிடக்கும். வெளியூரார் எவருக்கும் பயணம் தள்ளிவைக்கக் கூடிய ஒன்றுதான். இவ்வூராருக்கோ அதுவே அறுவடை.

அந்த அறுவடை எத்தனை பொய்த்தது என்பதை நாட்காட்டியைக் கொண்டே எண்ணிவிடலாம். 2020-இல் ஆடி மாதம் ஜூலை 16 அன்று பிறந்தது; ஜூலை 18, 25, ஆகஸ்டு 1, 8, 15 என ஐந்து சனிக்கிழமைகள் அதில் அமைந்தன. ஊரகப் பகுதிகளில் ஆண்டு வருமானம் 10,000 ரூபாய்க்குக் குறைந்த சிறு கோயில்கள் ஜூலை 1 முதல் திறக்க இசைவு பெற்றன. சனிதோறும் வெளியூர்க் கூட்டம் சேரும் குச்சனூர் அச்சலுகைக்குள் வரவில்லை. பெரிய கோயில்கள் செப்டம்பர் 1 அன்றே பக்தர்களுக்குத் திறந்தன. ஐந்து ஆடிச் சனிகளிலும் அன்றாடப் பூசைக்குத் தடை இருக்கவில்லை. வழிபடுவோருக்கு மட்டுமே தடை. வாக்கியப் பஞ்சாங்கப்படி சனிப்பெயர்ச்சி அவ்வாண்டு டிசம்பர் 27 அதிகாலையில் நிகழ்ந்தது. அதற்குள் கோயில்கள் திறந்துவிட்டபோதிலும், திருநள்ளாற்றில் நள தீர்த்தத்தில் நீராடத் தடை விதிக்கப்பட்ட அளவுக்கு அச்சம் நீடித்தது.

2021-இல் நேர்ந்தது இதனினும் நுட்பமானது. இரண்டாம் அலையின்போது ஏப்ரல் 26 முதல் மூடப்பட்ட வழிபாட்டிடங்கள் ஜூலை 5 அன்று திறந்தன; திருவிழாக்களுக்கான தடை மட்டும் நீடித்தது. ஜூலை 17, ஆடி முதல் நாளே சனிக்கிழமையாக வாய்த்தது. ஆனால் கூட்டம் சேர்வதைத் தவிர்க்கும் பொருட்டு, வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்களும் வழிபாட்டிடங்களை மூடும் ஆணை ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் நடப்புக்கு வந்தது. வாரத்தில் நான்கு நாள் திறந்திருக்கும் கோயில் என்பது மற்ற ஊர்களுக்குப் பாதிக்கு மேற்பட்ட சலுகை. சனிக்கிழமையன்றி வேறு நாளில் பெருங்கூட்டம் காணாத குச்சனூருக்கு அது ஏறத்தாழ முழு மூடல். ஆகஸ்டு 14 தொடங்கி அக்டோபர் 9 வரை எண்ணினால் மட்டும் ஒன்பது சனிக்கிழமைகள். நோயைத் தடுக்கக் கூட்டத்தைத் தடுத்தாக வேண்டியிருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. இரண்டாம் அலையில் மூச்சுக்காற்றுக்கும் படுக்கைக்கும் மக்கள் அலைந்ததைக் கண்டவர் எவரும் மறுக்கமாட்டார். ஆயினும், பொதுநலத்துக்காகத் தன் ஒரே சந்தை நாளைக் கொடுத்த ஊருக்கு ஈடாக என்ன கொடுக்கப்பட்டது என்ற கேள்வி கேட்கத் தகுந்தது.

கொடுக்கப்பட்டவை இல்லாமல் இல்லை. 2020 ஏப்ரலில் அரிசிக் குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாய் கிடைத்தது. 2021-இல் இரு தவணையாக 4,000 ரூபாயும் 14 வகை மளிகைப் பொருள்களும் கிடைத்தன. இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களில் மாத ஊதியமின்றிப் பணிபுரியும் அர்ச்சகர், பூசாரி, பிற பணியாளர் ஆகியோருக்கு 4,000 ரூபாயும் 10 கிலோ அரிசியும் 15 வகை மளிகையும் 2021 ஜூனில் வழங்கப்பட்டன. சம்பளமற்ற உழைப்பைக் கண்ணெடுத்துப் பார்த்த நல்ல ஏற்பாடு அது. கோயில் மதிலுக்கு உள்ளே நிற்பவரைக் கண்ட அந்தக் கண், மதிலுக்கு வெளியே எள் முடிச்சோடு அமர்ந்திருப்பவரைக் காணவில்லை. சாலையோர வியாபாரிகளுக்கென்று 2020 ஜூனில் ஒன்றிய அரசு அறிவித்தது 10,000 ரூபாய்க் கடன். வாங்குவார் வராத ஊரில் கடனை எதை விற்று அடைப்பது?

பேருந்தின் கதையும் இதையே காட்டுகிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்ற ஆணை 2021 மே 8 முதல் செயலுக்கு வந்தது. மே 10 அன்று முழு முடக்கம் தொடங்கிப் பேருந்துகள் நின்றன. தேனி உள்ளிட்ட 23 மாவட்டங்களில் அவை மீண்டும் ஓடியது ஜூன் 28 அன்று. இலவசப் பயணம் கிடைத்த இரண்டே நாளில் பயணமே இல்லாமற்போய், ஏழு வாரம் கழித்துத் திரும்பியது. அப்போதும் கையில் கூடையோடு சின்னமனூரிலிருந்து குச்சனூருக்குக் கட்டணமின்றி வந்திறங்கும் பெண்ணுக்கு, வந்த இடத்தில் வாங்குவார் இருக்க வேண்டும் அல்லவா?

மற்றொரு தொற்றுக்காலம் வருமானால், தேனி மாவட்ட நிருவாகமும் பேரூராட்சியும் அறநிலையத் துறையும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே: கோயில் வாசலில் கிழமைக்கடை போடுவோரின் பெயர்களை, அவர்கள் எந்த ஊர்க்காரராயினும், இப்போதே ஒரு பதிவேட்டில் எழுதி வைத்தல். நடை சாத்தப்படும் நாளன்று அர்ச்சகருக்குச் செல்லும் அதே உதவி அவர்களுக்கும் செல்ல அந்த ஒரு பதிவேடு போதும்.

வார இறுதித் தடை 2021 அக்டோபர் 14, ஆயுத பூசையன்று நீக்கப்பட்டது. அவ்வாண்டுப் புரட்டாசியின் ஐந்து சனிக்கிழமைகளில் நான்கு அதற்குள் கழிந்துவிட்டிருந்தன; ஐந்தாவதும் கடைசியுமான அக்டோபர் 16 அன்று குச்சனூரில் சனிக்கிழமை வழிபாட்டுக்கு மீண்டும் தடையில்லாமல் இருந்தது. 2022 ஜனவரியில் அத்தடை திரும்பி வந்து, 8, 15, 22 ஆகிய மூன்று சனிக்கிழமைகளையும் எடுத்துக்கொண்டது.

(தொடரும்)