கண் கொடுத்த வைத்தியர்

ஆயக்குடிச் சந்தையிலே, கண்புரை நீங்கிய முதியோர் கொய்யாப் பழத்தைப் பார்த்துப் பார்த்து விலை பேசுவதைக் காணுந்தோறும், 2006 ஜூலை 7-ஆம் தேதி மறைந்த மதுரை டாக்டர் ஜி. வெங்கடசாமி அவர்களை நாம் நினைத்துக்கொள்கிறோம்.

முடக்குவாதத்தால் அவருடைய விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களைக் கொண்டே கத்தி பிடிக்கப் பழகி, லட்சத்துக்கு மேற்பட்ட கண் சிகிச்சைகள் செய்தார். ஸ்ரீ அரவிந்தர் நெறியில் ஆண்டவனைத் தேடியவர், உத்தியோகத்தில் ஓய்வு பெற்று, 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். உள்ளவர் கொடுத்த கட்டணத்தால் இல்லாதவருக்கும் பார்வை கிடைத்தது. தியானம் வேறு, தொழில் வேறு என்று அவர் வாழவில்லை. ஏழையின் கண்ணைத் திறப்பதே அவருக்கு வழிபாடு.

நம் வீட்டுப் பாட்டிக்குப் பார்வை மங்கினால், "வயதாயிற்று" என்று நாம் வாளாவிருக்கலாமா?