பழனிக்கு நடந்தோம்

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். நத்தத்தில் வசிக்கும் எங்களுக்கு அது வெறும் பழமொழி அன்று. தை பிறந்ததும் எங்கள் வீட்டின் முன்னால் செல்லும் சாலை நடப்பவர்களுக்கே சொந்தமாகிவிடும். பச்சையும் காவியும் உடுத்திய கூட்டம் இரவும் பகலும் திண்டுக்கல்லை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். குன்றக்குடியிலிருந்து புறப்படும் நகரத்தார் காவடிகளும் இவ்வழியேதான் வரும். மற்றவர்கள் பழனியிலிருந்து பேருந்தில் திரும்பிவிட, அவர்கள் திரும்புவதும் நடந்தேதான்!

நாங்கள் அக்காளும் தங்கையும் இப்பள்ளியில் பத்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் படிப்பவர்கள். ஆண்டுதோறும் வாசலில் நின்று மோர் ஊற்றிக் கொடுத்த நாங்கள், 2025-ஆம் ஆண்டு தைப்பூசத்திற்கு எங்கள் அப்பத்தாவுடன் நடந்தோம்.

அப்பத்தாவின் நேர்த்திக்கடன் பழையது. 2021-இல் பெரியப்பா கொரோனாவினால் மருத்துவமனையில் மூச்சுக்குத் தவித்தபோது, "என் மகன் பிழைத்து வந்தால் வெறுங்காலோடு நடந்து வந்து பாற்குடம் எடுக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டார்கள். பெரியப்பா பிழைத்தார். மறு ஆண்டு ஜனவரி 18-இல் தைப்பூசம். தொற்றுக் காரணமாக 14 முதல் 18 வரை வழிபாட்டுத் தலங்கள் எல்லாம் மூடியிருந்தன. அப்பத்தா அப்படியும் நடந்து போய், அடிவாரத்திலேயே சூடம் ஏற்றிவிட்டுத் திரும்பினார்கள். "மலை ஏறாத நேர்த்தி எப்படித் தீரும்?" என்ற குறை மட்டும் போகவில்லை. அடுத்த ஆண்டு தாத்தா காலமானார். அதற்கடுத்த ஆண்டு சர்க்கரை நோய் முற்றி, வீட்டில் யாரும் விடவில்லை.

விடுப்புக் கேட்கச் சென்றபோது சிஸ்டர் எங்களை உட்கார வைத்து விசாரித்தார்கள். வேளாங்கண்ணிக்குக் காவியுடுத்தி நடந்து போகும் நம் தோழியரின் குடும்பங்களை அவர்கள் அறிவார்களே! அதனால் ஏன் நடக்க வேண்டும் என்று கேட்கவில்லை. "பாட்டிக்குச் சர்க்கரை உண்டென்கிறீர்கள், காலுக்கு என்ன போடப் போகிறார்கள்?" என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. ஒன்றுமில்லை என்றோம். சிஸ்டர் சற்று நேரம் பேசாதிருந்து, திங்கட்கிழமைக்கு மட்டும் விடுப்புத் தந்தார்கள். செவ்வாய் தைப்பூசம், 2021 முதல் அது அரசு விடுமுறை நாள்.

வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டோம். பெரியப்பா, அத்தை, அப்பத்தா, நாங்கள் இருவர். அப்பத்தாவின் இடுப்பில் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு பித்தளைச் செம்பு. பாலைப் பழனியில்தான் வாங்குவது வழக்கம். சிறுமலையின் ஓரமாகக் கோபால்பட்டி, சாணார்பட்டி என்று இருட்டில் ஊர்கள் வந்து வந்து போயின. கால் ஓயும்போதெல்லாம் எங்கிருந்தோ "வேல் வேல்!" என்று ஒரு குரல் எழும், "வெற்றிவேல்!" என்று கூட்டமே பதில் சொல்லும். வழிநெடுகப் புளிச்சாதம், சுக்குக் காப்பி. நாங்கள் வீட்டில்கூட இவ்வளவு சாப்பிட்டதில்லை!

முதல் நாள் அத்தைக்குக் கால் கொப்பளித்தது. அடுத்த நாள் எங்கள் இருவருக்கும். அப்பத்தாவுக்கு மட்டும் ஒன்றுமில்லை. "பார்த்தீங்களா தாயி, முருகன் என்னைத் தூக்கிக்கிட்டுப் போறான்" என்று சிரித்தார்கள். நாங்களும் வியந்தோம்.

ஞாயிறு மாலை ஒட்டன்சத்திரத்தை நெருங்கும்போது, அவர்கள் மிதித்த மணலில் சிவப்பாக ஒரு தடம் விழுவதைத் தங்கை கண்டாள். சாலையோரத்து மருத்துவ முகாமில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். குதிகாலில் ஒரு கண்ணாடிச் சில்லு, விரற்கடை ஆழத்திற்கு இறங்கியிருந்தது. எப்போது குத்தியதென்று அப்பத்தாவுக்கே தெரியவில்லை.

"வலிக்கலையே தாயி" என்றார்கள் செவிலியரிடம்.

"வலிக்காததுதான் பாட்டி பயம். சர்க்கரையால் நரம்பு மரத்துப்போச்சு. இனி நடந்தால் இந்தக் காலை எடுக்க வேண்டி வரும்" என்றார் அந்த அம்மையார், கட்டுப் போட்டுக்கொண்டே.

அப்பத்தா கேட்பதாக இல்லை. "அவன் உயிரைக் கொடுத்தான். நான் ஒரு காலைக் கொடுத்தால் என்ன?" என்றார்கள். கூடியிருந்தவர்களில் சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எங்களுக்கு நெஞ்சு பதைத்தது. பெரியப்பா அவர்கள் காலடியில் அமர்ந்து, "எனக்காகத்தானே ஆத்தா நேர்ந்தே? உன் காலைப் பறிகொடுத்துட்டு நான் எந்த முகத்தோட மலை ஏறுவேன்?" என்றார்.

வெகுநேரம் கழித்து அப்பத்தா இடுப்பு முடிச்சை அவிழ்த்தார்கள். செம்பைத் தங்கையின் கையில் கொடுத்தார்கள். அத்தையோடு பேருந்தில் ஏறும்போது எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவர்கள் அழுது நாங்கள் கண்டது தாத்தா இறந்த அன்றும், அன்றும்தான்.

விருப்பாட்சி, சத்திரப்பட்டி, கொய்யாவுக்குப் பெயர்போன ஆயக்குடி எல்லாம் கடந்து திங்கள் இரவு பழனி சேர்ந்தோம். அடிவாரத்தில் கால் வைக்க இடமில்லை. மயிற்பீலிக் காவடிகள், தீர்த்தக் காவடிகள், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தைகள். சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளை ஒரு தண்டில் கட்டிச் சுமந்து வந்தானாம் இடும்பன். அதுவே முதற்காவடி என்பது கதை. ஒருவர் கன்னத்தின் இருபுறமும் ஊடுருவ வேல் தரித்து, கண்மூடி ஆடிவந்தார். அக்காள் மெய்சிலிர்த்துக் கைகுவித்தாள். தங்கையோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள், "சாமி இதைக் கேட்டாரா?" என்றாள். இதுபற்றி எங்களுக்குள் இன்றும் வழக்குத் தீரவில்லை. அவர் 48 நாள் விரதமிருந்தவர், உனக்கென்ன தெரியும் என்பது அக்காள் கட்சி. ஒட்டன்சத்திரத்தில் பார்த்தது போதாதா என்பது தங்கை கட்சி.

மறுநாள் இடும்பன் குளத்தில் நீராடி, செம்பில் பால் வாங்கி, யானைப்பாதை வழியே ஏறினோம். தங்கையின் தலையில் செம்பு. பிடித்த கை கடுத்தும் அவள் மாற்றித் தரவில்லை. அப்பத்தா விஞ்ச் வண்டிக்கு வரிசையில் பல மணி நேரம் உட்கார்ந்திருந்து, எங்களுக்குப் பின்னரே மேலே வந்தார்கள். வந்ததும் செம்பைத் தம் தலைக்கு மாற்றிக்கொண்டு, பெரியப்பாவின் தோளைப் பற்றியபடி, கட்டுப்போட்ட காலோடு மெதுவாகச் சந்நிதிப் பக்கம் நடந்தார்கள். இருபதடி இருக்கலாம்.

புதன்கிழமை வகுப்பிற்கும் சிஸ்டருக்கும் பஞ்சாமிர்தம் கொண்டுவந்தோம். சிஸ்டர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு முதலில் கேட்டது, "பாட்டியின் கால் எப்படி இருக்கிறது?" என்றுதான்.

புண் ஆறப் பல வாரங்கள் ஆயின. மாசியில் எங்களூர் மாரியம்மன் கோயில் பூக்குழிக்குக்கூட அப்பத்தா போகவில்லை. கால் பிழைத்தது. பெரியப்பா வாங்கிவந்த கான்வாஸ் காலணியை முதலில் தொடவே மாட்டேன் என்றவர்கள், ஒருநாள் மாலை எங்களை அழைத்து, கயிறு கட்டுவது எப்படி என்று கேட்டார்கள். இப்போது தினமும் விடியற்காலையில் அதைப் போட்டுக்கொண்டு பேருந்து நிலையம் வரை நடந்து பழகுகிறார்கள்.