ஆல்ப்ஸ் அடிவாரத்தில் ஒரு தோட்டாப் பட்டறை

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரிலிருந்து தூன் நகருக்குப் போகும் ரயில் பாதையோரம் ஒரு சின்னக் கிராமம். பால்கனியில் தேநீரோடு நின்றால் தூரத்தில் பனி மூடிய மலைகள் வரிசையாகத் தெரிகின்றன. அந்த அமைதிக்குள் திடீரென்று 'டப்... டப்...' என்று வெடிச் சத்தம். பாதித் தேநீர் கையில் சிந்திவிட்டது.

"பயப்படாதேங்கோ அக்கா. சங்கத்தில சுடத் தொடங்கிட்டினம்" என்றான் தோழியின் கொழுந்தன்.

என் கல்லூரித் தோழி கோலாலம்பூரிலிருந்து கல்யாணமாகிப் போன வீடு அது. நம் ஊரில் பூப்பந்து மண்டபம் மாதிரி, அங்கே பல கிராமங்களில் 300 மீட்டர் துப்பாக்கிச் சுடுதளம் உண்டு. ஆண்டுதோறும் மே, ஜூன் வாக்கில் 'ஃபெல்ட்ஷீசன்' என்ற சுடும் திருவிழா நாடு முழுக்க நடக்கிறது. ஆளுக்கு 18 குண்டு. தாத்தாவும் பேத்தியும் ஒன்றாக வந்து சுட்டுவிட்டு, பக்கத்தில் சாசேஜ் சாப்பிட்டுப் போகிறார்கள்.

கொழுந்தன் அங்கேயே பிறந்தவன், சுவிஸ் குடிமகன். ராணுவப் பயிற்சி முடித்தவன். அவனுடைய அப்பா 1990ல் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். இன்றும் இலங்கை கடப்பிதழ்தான் வைத்திருக்கிறார். சுவிஸ் ஆயுதச் சட்ட விதிகளின்படி, குறிப்பிட்ட சில நாட்டுக் குடிமக்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது, சுடவும் கூடாது. அந்தப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. மகனுக்கு அரசாங்கமே துப்பாக்கி கொடுத்தது. அப்பா அதே வீட்டில் ஒரு தோட்டாவைக்கூடச் சொந்தமாக வைத்திருக்க முடியாது.

தம்பியின் ஆசையெல்லாம் ராணுவம் கழித்துவிட்ட ஒரு பழைய துப்பாக்கி மீதுதான். 'கே31' என்பது அதன் பெயர். 1931ல் ஏற்கப்பட்டு, 1950களின் இறுதிவரை தயாரிக்கப்பட்டது. பின்பக்கத் தகட்டின் இரண்டு திருகாணிகளைக் கழற்றி, உள்ளே மடித்து வைத்திருந்த ஒரு பழுப்புக் காகிதத்தை எனக்குக் காட்டினான். அதை முதலில் வைத்திருந்த சிப்பாயின் பெயர், படைப்பிரிவு, ஊர் எல்லாம் அதில் இருந்தன. பல கே31களில் இப்படி ஒரு சீட்டு கிடைக்குமாம்.

தோட்டாவை எப்படித் தேர்ந்தெடுப்பாய் என்று கேட்டேன். அதற்குத்தான் கீழே கூட்டிப் போனான்.

அங்கே பெரும்பாலான வீடுகளின் அடியில், போர் வந்தால் ஒளிந்துகொள்ளக் கனத்த கான்கிரீட் கதவோடு ஒரு புகலிட அறை இருக்கிறது. அதில்தான் அவனுடைய பட்டறை. "அக்கா, துளைக்குள்ள போகுது எண்டதுக்காக எந்தத் தோட்டாவையும் சுடக்கூடாது" என்று ஆரம்பித்தான்.

கே31க்கு உரியது 1911ல் வந்த 'ஜிபி11' தோட்டா. அதன் குண்டு 11.3 கிராம். அதற்கு முந்தைய 1889 மாதிரித் துப்பாக்கியும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். ஆனால் அது குறைந்த அழுத்தத் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது. ஜிபி11இன் அழுத்தத்தை அதன் பூட்டுப் பகுதி தாங்காது. விலை குறைவு என்று பெயர் தெரியாத தோட்டாவை வாங்குபவர்களுக்கு ஆபத்து இங்கேதான்.

இன்னொரு சிக்கல் உப்பு. சோவியத் காலத்து ராணுவத் தோட்டாக்கள் பலவற்றில் பற்றவைக்கும் ரசாயனம் எரிந்து, குழலுக்குள் உப்பைப் படிய வைக்கும். உப்பு ஈரத்தை இழுக்கும், துரு பிடிக்கும். எண்ணெய் போட்டு மட்டும் துடைத்தால் போகாது. முதலில் வெந்நீர், பிறகு உலர்த்தல், அதன் பிறகே எண்ணெய். கடலோரத்தில் வளர்ந்த எனக்கு உப்பின் வேலையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஜிபி11இல் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ராணுவத்துக்கான அதன் உற்பத்தி 1990களில் நின்றுவிட்டது. இருப்பதை விழாவுக்கும் போட்டிக்கும் வைத்துக்கொண்டு, பயிற்சிக்குத் தானே தோட்டா நிரப்புகிறான் தம்பி. சொந்த உபயோகத்துக்கு மட்டும் சட்டம் அதை அனுமதிக்கிறது.

சுட்ட பிறகு மிஞ்சும் பித்தளைக் கூட்டைத் திரும்பப் பயன்படுத்துவதுதான் இதன் சூட்சுமம். ஜிபி11 கூட்டில் அடிப்பகுதியின் நடுவே துளை கிடையாது. ஓரத்தில் இரண்டு சிறு துளைகள்தான் இருக்கும், எரிந்த பிரைமரை ஊசியால் தள்ளி எடுக்க முடியாது. அதனால் நடுவில் ஒற்றைத் துளை உள்ள வேறு கூடுகளை வாங்கி வைத்திருக்கிறான்.

சுடும்போது கூடு வாயு அழுத்தத்தில் விரிந்துவிடும். அதை அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டு வர வேண்டும். கே31ஐ நேராக இழுத்துத் தள்ளுவதால் இறுகிய கூட்டைப் பிடுங்கும் வலு குறைவு. கூடு கொஞ்சம் பெருத்திருந்தாலும் சிக்கிக்கொள்ளும். பிறகு நீளம் அளந்து வெட்டுகிறான், வளைந்த கம்பியை உள்ளே விட்டு விரிசல் தடவிப் பார்க்கிறான், புதிய பிரைமர் வைக்கிறான். வெடிமருந்தைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுக்கிறான். எத்தனை என்பதை அச்சடித்த கையேடு சொல்ல வேண்டும், நண்பர் சொல்லக் கூடாது. எல்லாக் கூடுகளையும் தட்டில் நிறுத்தி, டார்ச் அடித்து உள்ளே பார்க்கிறான். ஒரே கூட்டில் இரண்டு முறை மருந்து விழுந்தால் துப்பாக்கியும் போகும், முகமும் போகும்.

நிறுக்கும்போது பேசக்கூடாது என்பது அவன் சட்டம். பேச்சே தொழிலான எனக்கு அந்த நாற்பது நிமிடம் பெரிய தவம்.

மேலே வந்தபோது அங்கிள் படிக்கட்டின் முதல் படியில் உட்கார்ந்திருந்தார். "எல்லாம் பூட்டியாச்சோ?" என்றார். சாவி மகனிடம் மட்டும்தான். ஒவ்வொரு தடவையும் இப்படிக் கேட்பாராம். ஆனால் மகன் துவக்கு வாங்கிய நாளிலிருந்து அந்த அறைக்குள் ஒரு நாளும் இறங்கியதில்லை.

"சட்டம் எண்டபடியாலா அங்கிள்?" என்று அவர் பாஷையிலேயே கேட்டேன்.

சிரித்தார். "சட்டம் ஒரு பக்கம் பிள்ளை. ஊரில முத்தத்தில பங்கர் வெட்டி, மேல பனங்குத்தி அடுக்கி, பிள்ளையளோட உள்ளுக்க இருந்தனாங்கள். இதுவும் பங்கர்தானே. உள்ளுக்க போனா மூச்சு முட்டும். இவனுக்கு ரவை எண்டா விளையாட்டுச் சாமான். அப்பிடியே இருக்கட்டும். அதுக்காகத்தானே வந்தனாங்கள்."

எனக்குப் பதில் வரவில்லை. கோபமும் பெருமையும் இல்லாத குரல் அது. கீழே நான் பார்த்த தராசு போலத்தான் அவரும் எதையோ நிறுத்து வைத்திருந்தார்.

மறுநாள் நான் கிளம்பும் நேரம். சுடுதளத்தில் பொறுக்கிய ஒரு பித்தளைக் கூடு என் ஜாக்கெட் பையில் பளபளவென்று கிடந்தது. ஞாபகத்துக்கு என்று எடுத்து வைத்திருந்தேன். அங்கிள் வாசலில் நின்று, "பிள்ளை, பையுக்க கோது கீது ஒண்டும் இல்லையே? எயர்ப்போர்ட்டில மறிப்பாங்கள்" என்றார்.

முகம் சிவந்துவிட்டது. தோட்டா விஷயத்தில் நம் நாட்டுச் சட்டம் எவ்வளவு கடுமை என்று நிகழ்ச்சியில் நானே எத்தனை முறை பேசியிருப்பேன்! வெற்றுக் கூடுதானே என்ற வாதமெல்லாம் சுங்க மேசையில் எடுபடாது. நீங்கள் அங்கே போனால் திருவிழாவைத் தாராளமாகப் பாருங்கள், படம் எடுங்கள். கூட்டை மட்டும் அங்கேயே விட்டுவிடுங்கள்.

கூட்டை வெளியே எடுத்தேன். அங்கிள் கை நீட்டவில்லை. உள்ளே திரும்பி மகனைக் கூப்பிட்டார்.