ஏறிய கியரிலேயே இறங்குங்கள்!



ஏப்ரல் விடுமுறை வந்துவிட்டால் கம்பளை வீடுகளில் முதல் பேச்சே நுவரெலியாப் பயணம்தான். சோற்றுப் பார்சல், ஃபிளாஸ்க்கில் தேநீர், பாய், குளிருக்குக் கம்பளி என்று வேன் நிறைந்துவிடும். புஸ்ஸல்லாவையைத் தாண்டினால் கீழே கொத்மலை நீர்த்தேக்கம் பளபளக்கும். றம்பொடையில் நீர்வீழ்ச்சி, லபுக்கலையில் தேயிலை மலைகள். 500 மீற்றருக்கும் குறைவான உயரத்தில் இருக்கும் கம்பளையிலிருந்து 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவுக்கு ஏறிவிடுகிறோம். கண்ணுக்கு எவ்வளவு குளிர்ச்சி!

ஆனால் ஏறுவது சுகம், இறங்குவதுதான் சோதனை.

சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்த புதிதில் நான் ஒரு முறை அந்த இறக்கத்தில் கார் ஓட்டி வந்தேன். பயத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. சிறிது நேரத்தில் கருகிய வாடை. பிரேக் மெத்தென்று உள்ளே போனது. எப்படியோ ஒரு தேநீர்க் கடையருகில் நிறுத்திவிட்டேன், அல்ஹம்துலில்லாஹ். அங்கிருந்த வயதான லொறிச் சாரதி ஒருவர் சொன்னார்: “ஏறின கியரிலேயே எறங்கணும் மகள். பிரேக்க சும்மா சும்மா மிதிச்சா அது சூடாகிக் கைவிட்டுரும்.”

எத்தனை பெரிய பாடம்! தொடர்ந்து மிதித்தால் பிரேக் கட்டைகள் சூடேறிப் பிடிப்பை இழக்கின்றன. பிரேக் எண்ணெயும் கொதித்துவிடும். சிறிய கியரில் இறங்கினால் இயந்திரமே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

2025 மே 11 அதிகாலையில், இதே மலைப்பக்கம் கொத்மலை கெரண்டி எல்லவில், கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறக்கவில்லை.

அனுமதிப்பத்திரப் பரீட்சையில் ஆபத்தைச் சமாளிக்கப் பழக்குவதில்லை. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் போன்ற பந்தயத் திடல்களில் சாதாரண மக்களுக்கே அதற்குப் பயிற்சி நடக்கிறது. நனைத்த தரையில் வண்டியை வழுக்கவிட்டு, திரும்பவும் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவரச் சொல்லிக் கொடுக்கிறார்கள். முழுப் பலத்தோடு பிரேக்கை மிதிக்கவும் பழக்குகிறார்கள். வேகத்தைக் கற்கவா? இல்லை, நிற்கக் கற்கத்தான்!

அங்கு கற்பிப்பவை நம் வீதிக்கும் பொருந்தும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்; வளைவுக்குள் போய்ப் பிரேக் அடிக்காதீர்கள். பள்ளத்தைப் பார்க்காமல், போக வேண்டிய பாதையைப் பாருங்கள். கண் போகும் பக்கமே கையும் போகும். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் அவசரத்துக்கு மிதித்தால் பிரேக் காலடியில் அதிரும். பயந்து காலை எடுக்காதீர்கள். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

நுவரெலியாவில் மஹகஸ்தொட்டை மலையேற்றக் கார்ப் பந்தயம் 1934-இல் தொடங்கியது. பந்தயக்காரர்களும் மேலே ஏறத்தான் போட்டி போடுகிறார்கள். இறக்கத்தில் நமக்கு ஏன் போட்டி?

“வண்டி ஓட்டாத எங்களுக்கு இது எதற்கு?” என்று கேட்கிறீர்களா? 2018 ஜூன் 24 முதல் சவூதியிலேயே பெண்கள் வாகனம் ஓட்டுகிறார்கள். நம் மகள்மாரும் ஓட்டத்தான் போகிறார்கள். ஓட்டாதவர்களும் பின் ஆசனத்தில் பிள்ளைகளோடு இருப்பவர்கள்தானே? கண் சொக்கும் சாரதியை நிறுத்தித் தேநீர் குடிக்கச் சொல்லலாம். பிள்ளைக்கு ஆசனப்பட்டி போடலாம். 2025 நவம்பர் புயல் மழையில் மலைநாட்டில் மண்சரிவுகள் எத்தனை உயிர்களைக் கொண்டுபோயின! மழை நாளில் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டறிந்து புறப்படலாம்.

பயண துஆ ஓதிப் புறப்படுகிறோம். ஓதிய வாயாலேயே, “மெதுவாப் போங்க, சின்னக் கியரப் போடுங்க” என்று சொல்லவும் கூச்சப்படாதீர்கள். அந்த ஒரு சொல்லில் வேன் நிறைந்த குடும்பமே பத்திரமாக வீடு வந்து சேரலாம்.