அந்த ஆமெனை எப்படி வாசிப்பது?

சனிக்கிழமை இரவு சாப்பாடு முடிந்ததும், மறுநாள் ஆராதனையில் வாசிக்க வேண்டிய பாடத்தை மூன்று தடவை சத்தமாக வாசிப்பது என் பழக்கம். நாக்குப் பழகவும், மூச்சு எங்கே நிற்கிறது என்று பார்க்கவும் முதல் இரண்டு தடவை போய்விடும். மூன்றாவது தடவையில்தான் என்ன எழுதியிருக்கிறது என்பது காதில் விழும்.

நம் சபைகளில் வாசிக்கும் பழைய திருப்புதலில் மேற்கோள் குறி கிடையாது. ஒருவர் பேச்சு முடிந்து அடுத்தவர் பேச்சு தொடங்குவதை வாசிப்பவர் குரலில்தான் காட்ட வேண்டும். தீர்க்கதரிசிகளின் புஸ்தகங்களில் இது பெரிய வேலை. பேசுவது கர்த்தரா, தீர்க்கதரிசியா, அவரை எதிர்க்கிறவரா என்று தெரியாமல் வாசித்தால், சபையார் எதற்குத் தலையசைக்கிறோம் என்றே தெரியாமல் தலையசைத்துவிடுவார்கள். அதனால் பென்சிலை எடுத்து, பேச்சு மாறும் இடத்தில் ஒரு சிறு சாய்கோடு போட்டுக்கொள்வேன்.

வேலைக்காகச் சென்னைக்கு வந்தது 2016இல். மனைவியும் மகளும் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலேயே இருந்தார்கள். மாறுதல் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தேன். 2017 டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை எரேமியா 29:11. எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கர்த்தர் தருவார் என்ற வசனம். எனக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: இந்த வருஷம் மாறுதல். அட்டையைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். கொண்டுவந்த ட்ரங்குப் பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை.

செப்டம்பரில் இரண்டு ஞாயிறு பாடம் வாசிக்கச் சொன்னார்கள். முதல் வாரம் எரேமியா 28, அடுத்த வாரம் 29.

28ஆம் அதிகாரத்தில் எருசலேம் ஆலயத்தில் இரண்டு தீர்க்கதரிசிகள் எதிரெதிரே நிற்கிறார்கள். எரேமியாவின் கழுத்தில் மர நுகம். பாபிலோன் ராஜாவுக்குக் கீழே இருக்கவேண்டிய காலம் இது என்பதற்கு அடையாளம். அனனியா அதை மறுக்கிறார். இரண்டே வருஷம், கொள்ளைபோன ஆலயப் பாத்திரங்களும் திரும்பும், சிறைப்பட்டுப்போன ராஜாவும் ஜனமும் திரும்புவார்கள் என்கிறார். எரேமியா உடனே சண்டைக்குப் போகவில்லை. முதலில் அவர் சொல்வது ஆமென்.

அந்தச் சனிக்கிழமை இரவு அந்த ஆமெனில் நின்றுவிட்டேன். இதை எப்படி வாசிப்பது? கேலியாக வாசிக்கலாம், பலரும் அப்படித்தான் வாசிப்பார்கள். எனக்கு மனம் வரவில்லை. அந்த ஜனத்துக்காக அழுதழுது கண்ணீராகவே போனவர் எரேமியா. அனனியா சொல்வது நிஜமாக இருக்கக்கூடாதா என்று முதலில் ஏங்கியிருக்கக்கூடியவர் அவர்தான். ஆசைப்பட்டுத்தான் ஆமென் என்கிறார், ஆனாலும் ஆசையை வசனம் ஆக்க அவர் சம்மதிக்கவில்லை. அனனியா நுகத்தைப் பிடுங்கி உடைத்தபோது, பேசாமல் தன் வழியே போகிறார். ஐந்தாம் மாதம் இதைச் சொன்ன அனனியா ஏழாம் மாதம் இறந்துபோகிறார் என்று அதிகாரம் முடிகிறது.

என் சட்டைப்பையில் இருந்தது எரேமியாவின் வசனம். ஒன்பது மாதமாக அதை நான் அனனியாவின் குரலில் வாசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் 29. அது ஒரு கடிதம். கி.மு. 597இல் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதியது. பெறுகிறவர்களில் மூப்பர்கள் உண்டு, ஆசாரியர்கள் உண்டு. சிறைப்போனவர்களில் தச்சரும் கொல்லரும் உண்டு. என் அட்டைக்கு ஒரு வசனம் முன்னாலேயே எழுபது வருஷம் என்று இருக்கிறது. கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பப்போவதில்லை. அதுவரை என்ன செய்வது? வீடு கட்டு, தோட்டம் போடு, பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவை, உன்னைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணு. அந்தச் சமாதானம் என்ற சொல்தான் பதினொன்றாம் வசனத்திலும் வருகிறது. எபிரெயுவிலும் இரண்டு இடத்திலும் ஷாலோம்தான். எனக்கு வாக்குப்பண்ணப்பட்ட சமாதானம் பாபிலோனின் சமாதானத்தோடு முடிச்சுப்போட்டுக் கிடக்கிறது. அட்டையில் இது வர வழியில்லை.

வேதத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்த மிஷனெரி சீகன்பால்குவும் அந்தப் பெரியவர்களைப் போலத்தான்: தரங்கம்பாடியில் பழைய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி, ரூத் வரை வந்து, 1719இல் இறந்துபோனார். எரேமியாவுக்கு அவர் வந்து சேரவே இல்லை. மிச்சத்தைச் செய்து முடித்தவர் அவருக்குப் பின் வந்த மிஷனெரி சூல்ச். ரூத்துக்குப் பின்வரும் அதிகாரங்களை வாசிக்கும்போதெல்லாம் இது ஞாபகத்துக்கு வரும்.

திங்கட்கிழமை வீட்டுக்காரரிடம் போய், பின்பக்கம் ஒரு முருங்கைப் போத்து நடலாமா என்று கேட்டேன்.

"காலி பண்ணிட்டுப் போறவர் மரம் எதுக்குங்க வைக்கிறீங்க?" என்றார்.

பதில் சொல்லத் தெரியவில்லை. நட்டேன்.

ஜெபம்தான் கஷ்டமாக இருந்தது. பட்டணத்துக்காக என்று தொடங்கினால் இரண்டு வரியில் முடிந்துவிடும், ஏனென்றால் அந்தத் தெருவில் எனக்கு ஒருவர் பெயரும் தெரியாது. பெயர் தெரிந்துகொள்ளவே வீடு வீடாகப் பேச வேண்டியிருந்தது. பெயர் தெரிந்தபின் பாரம் தெரிந்தது. பாரம் தெரிந்தபின் ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. 2019 கோடையில் சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது, லாரி வரும் நேரத்தை நான்கு வீட்டுக்கு முன்கூட்டிச் சொல்வதும், மாடிவீட்டுப் பாட்டியின் குடங்களை ஏற்றிவைப்பதும் என் பொறுப்பாகிவிட்டது. அந்த ஜூனில்தான் மனைவியையும் மகளையும் இங்கேயே அழைத்து வந்தேன். "தண்ணியில்லாத ஊருக்கா மாப்பிள்ளை?" என்று மாமனார் கேட்டார். நியாயமான கேள்விதான். மாறுதல் இன்றுவரை வரவில்லை.

இப்போது குடும்ப ஜெபத்தில் வரிசையாக, நாளுக்கு ஓர் அதிகாரம் வாசிக்கிறோம். வாக்குத்தத்த அட்டையை நான் வேண்டாம் என்பதில்லை. வருஷப் பிறப்பன்று வாங்குவேன், வீட்டுக்கு வந்து முழு அதிகாரத்தையும் வாசிப்பேன். போன மாதம் எரேமியா 28 வந்தது. மகள் வாசித்தாள். ஆமெனில் நிறுத்தி, "கிண்டலா சொல்றாராப்பா?" என்று கேட்டாள்.

"இன்னொரு தடவை வாசி" என்றேன்.

வாசித்தாள். இந்தத் தடவை அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சு விட்டாள். நான் பென்சிலால் போட்டிருந்த கோடு அந்த இடத்தில் இல்லை.