ஒட்டன்சத்திரத்துத் தோட்டங்கள்

சத்திரம் என்று பெயர் கொண்ட ஊர்கள் நம் நாட்டில் அநேகம். வழிப்போக்கர்கள் இளைப்பாறுவதற்காக ஏற்பட்ட இடங்கள் அவை. திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகும் சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் தாண்டியதும் வரும் ஒட்டன்சத்திரமும் அத்தகைய பெயர் தாங்கிய ஊர்தான். தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை செல்லும் முருக பக்தர்கள் இன்றும் இவ்வூர் வழியாக நடந்து போகிறார்கள். ஆனால், இக்காலத்தில் இந்தச் சத்திரத்தில் தங்கிப் போகிறவர்களில் பெரும்பாலோர் மனிதர்கள் அல்ல, காய்கறிகள்! முருங்கையும் தக்காளியும் கத்தரியும் அவரையும் மிளகாயும் சின்ன வெங்காயமும் சில நாழிகை இங்கே இளைப்பாறிவிட்டு லாரி ஏறிப் பிரயாணமாகின்றன. அவற்றில் பெரும்பகுதி மலை தாண்டிக் கேரளத்துக்குப் போகிறது. ஓணப் பண்டிகையன்று மலையாள நாட்டில் இலையில் விழும் அவியலுக்கும் இவ்வூருக்கும் நெருங்கிய பந்துத்துவம் உண்டு.

இவ்வூர் மார்க்கெட்டுக்குக் காந்தி மார்க்கெட் என்று பெயர். மாலை வேளையில் அதற்குள் நுழைந்தால் நடப்பதற்கு வழி கிடைப்பது துர்லபம். ஒருபுறம் சாக்குச் சாக்காய்க் கத்தரிக்காய். மறுபுறம் விறகுக்கட்டுப் போல் கட்டி நிறுத்திய முருங்கைக்காய். அடுக்கடுக்காய்த் தக்காளிப் பெட்டிகள். விவசாயி தம் சரக்கைக் கமிஷன் கடையில் கொண்டுவந்து இறக்குகிறார். கடைக்காரர் ஏலம் கூறுகிறார். வியாபாரி எடுக்கிறார். ஒரு நிமிஷத்துக்குள் விலை தீர்ந்துவிடுகிறது. மூன்று மாதம் தண்ணீர் பாய்ச்சியவர் அந்த ஒரு நிமிஷத்தில் வாய் திறப்பதே இல்லை. விலை சொல்கிறவர் ஒருவர், கேட்கிறவர் ஒருவர், சரக்குக்குச் சொந்தக்காரர் மூன்றாமவர்!

இந்தக் காட்சியைப் பார்த்த பிறகு எங்கள் வீட்டாருக்கு ஓர் ஆசை பிறந்தது. காய் காய்க்கிற இடத்துக்கே போய், நம் கையால் பறித்து, அதைப் பயிரிட்டவர் கையிலேயே பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தால் என்ன?

இது புதிய யோசனை அல்ல. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும், "நீங்களே பறித்துக்கொள்ளுங்கள்" என்று சாலையோரத்தில் பலகை நாட்டிய பண்ணைகள் பல உண்டு. குடும்பத்தோடு போய்க் கூடையை வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, பறித்ததை நிறுத்துப் பணம் கட்டிவிட்டு வரவேண்டியதுதான். நம் பக்கத்திலும் கம்பம் பள்ளத்தாக்கில், சுருளிப்பட்டியை அடுத்த திராட்சைத் தோட்டங்களில், பந்தலுக்குக் கீழே நின்று பார்த்துப் பழம் வாங்கி வருகிற யாத்திரிகர்கள் ஏராளம். ஒட்டன்சத்திரத்திலோ அப்படிப் பலகை எதுவும் கண்ணில் படவில்லை. அதனால் தோட்டம் இல்லை என்று அர்த்தமல்ல; கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கே கேட்பது? மூன்று இடங்களைச் சொல்வேன். முதலாவது, உரமும் விதையும் விற்கும் கடை. எந்தத் தோட்டத்தில் எது காய்ப்பில் இருக்கிறது என்பது அந்தக் கடைக்காரருக்கு மனப்பாடம். இரண்டாவது, கிராமத்துத் தேநீர்க் கடை. அம்பிளிக்கை, கள்ளிமந்தையம், இடையகோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் காலையில் அங்கே நாலு விவசாயிகள் இருப்பார்கள். மூன்றாவது, உழவர் சந்தை. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கித் தமிழ்நாடெங்கும் பரவிய இந்தச் சந்தைகளில் விளைவித்தவரே தராசைப் பிடிக்கிறார். அவரிடம் நாலு வாரம் தொடர்ந்து காய் வாங்கினால், ஐந்தாம் வாரம் தோட்டத்துக்கு வரலாமா என்று கேட்பதில் கூச்சம் ஒன்றும் இராது.

நாங்கள் கேட்டது தேநீர்க் கடையில். "பறிக்கறதுக்கென்னங்க சார், வெயிலுக்கு முந்தி வந்துருங்க. வேற யாரும் இதுவரைக்கும் இப்படிக் கேட்டதில்லீங்க" என்று ஒரு பெரியவர் சிரித்தார். மறுநாள் விடியற்காலையில் குழந்தைகளையும் இரண்டு கூடைகளையும் எடுத்துக்கொண்டு போனோம்.

தை மாதக் கடைசி. தெற்கே கொடைக்கானல் மலைத்தொடர் நீலமாய் நிற்கிறது. அந்த மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துவிடுவதால் இந்தச் சமவெளி மழை குறைந்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையையும் கிணற்றையும் நம்பித்தான் வெள்ளாமை. முன்பு கமலை இறைத்த இடத்தில் இப்போது ஆழ்துளைக் கிணறு. வாய்க்காலுக்குப் பதில் செடிக்குச் செடி சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் விடும் கறுப்புக் குழாய். வறண்ட பூமியில் இத்தனை பச்சையா என்று வியக்கிறவர்கள் அந்தக் குழாய்க்குப் பின்னால் இருக்கும் கடனையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

பறிப்பது எளிய காரியம் என்றுதான் பட்டணத்தில் நினைக்கிறோம். தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஓர் அம்மாள் என் பெண்ணுக்கு முதல் பாடம் சொன்னார். "இழுக்காத கண்ணு, செடியே வந்துரும். லேசாத் திருகு." தக்காளியைக் காம்பில்லாமல் எடுக்க வேண்டும், காம்பு இருந்தால் பெட்டிக்குள் பக்கத்துப் பழத்தைக் குத்திவிடும். தூரதேசம் போகிறதை நிறம் திரும்பும்போதே பறிக்கிறார்கள். நம் வீட்டுக்கு வேண்டியதைச் செடியிலேயே நன்றாகப் பழுக்கவிட்டு எடுக்கலாம். அந்த ருசி தனி. கத்தரிக்காய்க்குக் காம்பிலே முள் உண்டு. வெண்டைக்காயை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றி நாராகிவிடும். அதன் சுணை பட்டால் கையெல்லாம் அரிப்பு. முருங்கைக்குத் துரட்டி. அவரைப் பந்தலில் அண்ணாந்தபடியே பறிக்க வேண்டும். அரை மணி நேரத்தில் எங்கள் கூடை பாதிதான் நிரம்பியது. முதுகு முழுவதும் வலித்தது. அந்த அம்மாள் அதற்குள் மூன்று பெட்டி நிரப்பியிருந்தார்.

அடுத்த வயலில் வேலிக்கு அப்பால், கொடியில் கடைசியாய் நின்ற இரண்டு மூன்று பூக்கள் நெருப்புப் போல் எரிந்துகொண்டிருந்தன. குழந்தைகள் ஓடினார்கள். பெரியவர் உரக்கக் கூவித் தடுத்தார். அது செங்காந்தள், நம் மாநிலப் பூ. இந்தப் பக்கத்தில் கண்வலிக்கிழங்கு என்று சொல்லி, மருந்துக்கு உதவும் அதன் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். கிழங்கும் விதையும் கொடிய விஷம். தோட்டத்துக்குக் குழந்தைகளோடு போகிறவர்கள் இதை மறக்கக்கூடாது. சொந்தக்காரர் காட்டிய செடியைத் தவிர வேறெதையும் தொடலாகாது. இன்னொன்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்: பூச்சிமருந்து தெளித்து எத்தனை நாள் ஆயிற்று? மருந்துக்கு மருந்து காத்திருக்க வேண்டிய நாட்கள் வித்தியாசப்படும். அதுவரை பறிக்கவே கூடாது. இதைக் கேட்டால் விவசாயி கோபித்துக்கொள்வதில்லை, மரியாதையாகவே எடுத்துக்கொள்கிறார்.

தோட்டத்தின் மேற்குக் கோடியில் ஒரு தக்காளி வயல் பறிக்கப்படாமல் கிடந்தது. பழங்கள் செடியிலேயே வெடித்து அழுகியிருந்தன. நாலைந்து ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"ஏன் ஐயா, இதை விட்டுவிட்டீர்கள்?"

"பறிச்சா நட்டங்க சார். பறிகூலி, பெட்டி, வண்டி வாடகை, ஏத்து இறக்குக் கூலி, கமிஷன் எல்லாம் போகக் கையில இருந்து போடோணும். ஆடாவது திங்கட்டும்."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தமோ கோபமோ இல்லை. அதுதான் எனக்குப் பெரிய வருத்தமாயிருந்தது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது தேசமே கூக்குரலிட்டது. செப்டம்பருக்குள் அதே தக்காளி அடிமாட்டு விலைக்கு விழுந்து, பல இடங்களில் தெருவிலே கொட்டப்பட்டது. அப்போது நம் வீடுகளில் எந்தக் கூக்குரலும் எழவில்லை. விலை ஏறினால் நமக்குத் தெரிகிறது. இறங்கினால் தோட்டத்துக்கு மட்டுந்தான் தெரிகிறது.

விலை விழுந்த காலத்தில் காயின் மதிப்பெல்லாம் பறிக்கும் கையில்தான் இருக்கிறது. அந்தக் கை நம்முடையதாக இருந்தால், ஆட்டுக்குப் போகிற பழத்தில் கொஞ்சமாவது மனிதருக்குப் பயன்படும். விவசாயிக்கும் நாலு காசு மிஞ்சும். ஆகவே பறிக்கப் போகிறவர்கள் மலிவை நாடிப் போகக்கூடாது. அன்றைய மார்க்கெட் விலையை விசாரித்து, அதற்கு மேலே, சில்லறை விலைக்குச் சற்றுக் கீழே ஒரு தொகையைப் பறிப்பதற்கு முன்பே பேசிக்கொள்வதுதான் நியாயம். பெரியவர் பணம் வேண்டாமென்று தலையை ஆட்டினார். கிராமத்தார் அப்படித்தான் சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா வருவது படித்தவர்களுக்கு அழகல்ல. காய் வாங்குகிறவனுக்கும் அது விளைந்த விதத்தில் பொறுப்பு உண்டு என்று ஜே. ஸி. குமரப்பா ஓயாமல் எடுத்துச் சொன்னார். மதுரை ஜில்லாக் கல்லுப்பட்டியில் தம் கடைசி வருஷங்களைக் கழித்த அந்தப் பொருளாதார ஞானியின் உபதேசத்தைச் சோதித்துப் பார்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

திரும்பும்போது பழனிச் சாலையில் விருப்பாச்சி வரை போய் வந்தோம். 1772இல் சிவகங்கையை இழந்த வேலு நாச்சியாருக்குப் புகலிடம் தந்த பாளையம் அது. வெள்ளையரை எதிர்த்து 1801இல் தூக்கில் மாண்ட கோபால நாயக்கரின் ஊர். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உயிர்நிலையான மலைவாழை இவ்வூர்ப் பெயரால்தான் வழங்குகிறது. மலைத்தோட்டத்தில் தாரை வெட்டுவது நம் கை வேலை அல்ல. வாங்கி வருவதே தகும். ஞாபகார்த்தமாக ஒரு கன்றைப் பெயர்த்துத் தாருங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அது மட்டும் வேண்டாம். முடிக்கொத்து நோய் கன்று வழியாகவும் பரவும். அந்த நோய்தான் ஒரு காலத்தில் மலைமலையாய் இருந்த இந்த வாழையைச் சிறு தோட்டங்களுக்குள் சுருக்கிவிட்டது.

ஒரு குடும்பம் ஒரு நாள் பறிக்கும் பத்துக் கிலோவினால் ஒட்டன்சத்திரத்தின் கஷ்டம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மார்க்கெட்டிலிருந்து ஒவ்வோர் இரவும் புறப்படும் லாரிகளுக்கு முன்னால் எங்கள் கூடை எம்மாத்திரம்? ஆனாலும் இப்போது கடையில் தக்காளி மலிவாய்க் கிடைத்தால், என் பெண் "அங்கே பறிக்கிறார்களா, விட்டுவிட்டார்களா?" என்று கேட்கிறாள். பள்ளிக்கூடத்தில் நான் எந்தப் புஸ்தகத்தைக் கொண்டும் கேட்க வைக்க முடியாத கேள்வி அது.

அவரைக்குப் பனிக்காலம், முருங்கை பங்குனியிலிருந்து ஆனி வரை கொழிக்கும், தக்காளிக்கு வருஷம் முழுவதும் ஏதாவதொரு தோட்டத்தில் பருவம். திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸும் ரயிலும் இருக்கின்றன. தலைக்குத் துண்டும் குடிக்கத் தண்ணீரும் சில்லறைக் காசும் எடுத்துக்கொள்ளுங்கள். பங்குனி பிறந்ததும் துரட்டியோடு வரும்படி பெரியவர் எங்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.