சீமையிலே ஒரு முடிச்சு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

ஒருவர் இடக் கையை நீட்டி நம்மை வரவேற்றால் நமக்கு என்ன தோன்றும்? திருநீறு வாங்கவும், காசு கொடுக்கவும், ஆசிரியரிடம் ஒரு தாளை நீட்டவுங்கூட வலக் கையையே பழகிய நாம் திகைத்துத்தான் போவோம். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்துத் தெருவொன்றில், ஓட்டுக் கூரை வேய்ந்த ஒரு சிறு கட்டடத்தின் வாசலில், கழுத்துத் துணி அணிந்த அம்மையார் ஒருவர் என்னிடம் இடக் கையை நீட்டியபோது நானும் திகைத்தேன். என் வலக் கை பாதி வழி போய் நின்றுவிட்டது. சாரணர்கள் இடக் கையைத்தான் குலுக்கிக்கொள்வார்கள் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் படித்த பள்ளியிலும் சாரணர் படை இருந்தது. காக்கி உடை தைக்க வேண்டுமே என்று நான் அந்தப் பக்கமே போனதில்லை. ஆகவே எனக்கு இது புதிய செய்தி.

இக்கல்வியாண்டின் மூன்றாம் பருவத்தை அந்நகரில் பயிலும் வாய்ப்பு ஓர் உதவித்தொகையால் எனக்குக் கிடைத்ததை நண்பர்கள் அறிவீர்கள். ஆய்வகத்தைப் பற்றியும் நூலகத்தைப் பற்றியும் துறைக் கூட்டத்தில் பேசிவிட்டேன். அங்கே பேசாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

ஷெஃபீல்டு எஃகுக்குப் பேர்போன ஊர். துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரியர்லி 1913இல் உருவாக்கியது அங்கேதான். அந்த ஊரில் முதல் மூன்று வாரம் நான் பட்ட தனிமை சொல்லி மாளாது. கடையில்கூடக் கணக்குப் போட்டுப் பணம் வாங்குவது இயந்திரம். காலை முதல் இரவு வரை ஒரு சொல்லும் பேசாமல் கழிந்த நாள்களும் உண்டு. அப்போதுதான் விளம்பரப் பலகையில், குருளையர் படைக்குத் தொண்டர் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்தேன். சேவை மனப்பான்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் நான் போனது யாராவது என்னோடு பேச மாட்டார்களா என்பதற்காக.

குருளையர் என்போர் எட்டு வயது முதல் பத்தரை வயது வரையிலான குழந்தைகள். ஆண், பெண் இருபாலரும் ஒரே படையில் இருக்கிறார்கள். என் கடவுச்சீட்டைப் பார்த்து, குற்றப் பின்னணி ஏதும் இல்லையென்று உறுதி செய்துகொண்ட பிறகே என்னை முறையாகச் சேர்த்தார்கள். பெரியவர் எவரும் ஒரு குழந்தையுடன் தனித்திருக்கக் கூடாது என்பது போன்ற விதிகள் அச்சிட்ட மஞ்சள் அட்டை ஒன்றையும் தந்தார்கள். இந்தக் கண்டிப்பு எனக்கு முதலில் வருத்தம் அளித்தது. பிறகு, நம் ஊரிலும் இப்படி ஓர் அட்டை இருந்தால் நல்லதே என்று தோன்றியது.

படைத் தலைவிக்கு அங்கே அகேலா என்று பெயர். ரட்யார்டு கிப்ளிங் 1894இல் வெளியிட்ட கானகக் கதைகளில் வரும் ஓநாய்த் தலைவனின் பெயர் அது. 1916இல் குருளையர் இயக்கம் தொடங்கியபோது அக்கதைகளிலிருந்தே பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். கதை நடக்கும் சியோனி இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ளது. பாலு என்றால் கரடி, ஹாத்தி என்றால் யானை. எல்லாம் இந்திச் சொற்கள். ‘இவர் இந்தியாவிலிருந்து வந்தவர், இவருக்கு எல்லாம் தெரியும்’ என்று குழந்தைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். எனக்குத் தெரிந்த இந்தி, ரயில் நிலையப் பெயர்ப் பலகையோடு சரி. ஐம்பது கிலோகூட இல்லாத எனக்கு அவர்கள் ஹாத்தி என்று பெயர் வைத்தார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பேடன் பவல் 1907 ஆகஸ்டில் பிரவுன்சித் தீவில் முதல் முகாமை நடத்தினார். இயக்கம் இந்தியாவுக்கு வந்தபோது அதில் இந்தியச் சிறுவர்களைச் சேர்க்கவில்லை. அதனால்தான் அன்னி பெசன்ட் அம்மையாரும் ஜார்ஜ் அருண்டேலும் முதல் உலகப் போர் நடந்த ஆண்டுகளில் நம் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அகேலாவிடம் இதைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. “எங்கள் பாடத்தில் இது இல்லை” என்று வெளிப்படையாகச் சொன்னார்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை நகருக்கு மேற்கேயுள்ள ஸ்டானேஜ் பாறைச் சரிவுக்குக் குழந்தைகளை நடத்திச் சென்றோம். அடுப்பு, தார்ப்பாய், கம்புகள், விறகு எல்லாவற்றையும் காருக்குப் பின்னால் பூட்டிய சிறு இழுவை வண்டியில் ஏற்றியிருந்தார்கள். கட்டிய கயிறு தொய்ந்து கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்க என் கை பொறுக்கவில்லை. அவிழ்த்து, நடுக்கயிற்றில் ஒரு கண்ணி போட்டு, முனையை வண்டியின் கொக்கியில் வளைத்து, கண்ணி வழியே திருப்பி இழுத்துக் கட்டினேன். கயிறு வீணைத் தந்திபோல் நின்றது. நம் துறை நண்பர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. கண்ணியும் கொக்கியும் கப்பிகளாகின்றன. கணக்குப்படி கொடுக்கும் விசையைப்போல் மும்மடங்கு கிடைக்க வேண்டும். கயிற்றின் உராய்வு அதில் பெரும் பங்கைத் தின்றுவிடும்.

“எங்கே கற்றாய் இதை?” என்று அகேலா கேட்டார்.

“கல்லூரியில். இயற்பியல் வகுப்பில்” என்றேன்.

நம் பேராசிரியர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். எந்த வகுப்பில் முடிச்சுப் போடக் கற்றுத் தந்தார்கள்? எனக்குக் கற்றுத் தந்தவர் என் அப்பா. காய்கறிச் சந்தையில் கேரளத்துக்குப் போகும் லாரிகளுக்குச் சுமை ஏற்றிக் கயிறு கட்டுவது அவர் தொழில். பள்ளி விடுமுறையில் நானும் லாரி மேல் ஏறியிருக்கிறேன். அந்த முடிச்சுக்கு அங்கே பெயர் கிடையாது. ‘போட்டு இழு’ என்பார்கள், அவ்வளவுதான்.

பிறகு ஏன் பொய் சொன்னேன்? இக்கல்லூரியில் சேர்ந்தபோது ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதினேன். என் முன் நின்றவனும் அதையே எழுதினான், பின் நின்றவனும் அதையே எழுதினான். இங்கே அதற்கு வெட்கப்பட இடமே இல்லை. அங்கேயோ, என் அப்பாவை யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாத ஊரில் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது! அதற்கு முந்தைய வாரம்தான் விடுதி நண்பன் ஒருவனிடம் ‘அப்பா போக்குவரத்துத் தொழிலில் இருக்கிறார்’ என்று சொல்லியிருந்தேன். அது முழுப் பொய்கூட இல்லை என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

அத்தோடு போயிருக்கும். ஆனால் படையில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அதிகம் பேச மாட்டான். எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமப்படுவான். அந்த முடிச்சு அவனைப் பிடித்துக்கொண்டது. வாரந்தோறும் நாற்காலிக் காலில் கட்டிப் பழகினான். கண்ணி உருவிக்கொண்டு போய்விடும், மறுபடியும் கட்டுவான். ஒருநாள், “உங்கள் ஆசிரியர் கட்டுவதை நாங்கள் பார்க்க முடியுமா?” என்று கேட்டான். மற்றக் குழந்தைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

அன்று கூட்டம் முடிந்து கோப்பைகளைக் கழுவும்போது அகேலாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் பகலில் டிராம் வண்டி ஓட்டுபவர் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை பள்ளி ஆசிரியை என்று எண்ணியிருந்தேன். அறிவுரை ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கோப்பையைத் துடைத்துக்கொண்டே, “அப்படியானால் அவரையே கேளேன்” என்றார்.

அங்கே மாலை ஆறரை என்றால் நம் ஊரில் நள்ளிரவு. லாரிகள் புறப்படும் நேரம். அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது முதலில் அவருக்குப் புரியவில்லை.

“கயிறு கட்டவா தம்பி உன்னைச் சீமைக்கு அனுப்புனோம்?”

“சின்னப் பிள்ளைக பாக்கணுங்குதுங்கப்பா.”

“இதுல பாக்க என்ன இருக்கு?” என்றார். ஆனால் மூன்றாம் நாள் படம் வந்துவிட்டது. உடன் வேலை செய்யும் மாமா ஒருவர் கைப்பேசியில் எடுத்த இரண்டு நிமிடப் படம்.

குழந்தைகளுக்குக் காட்டும் முன் நான் அதை விடுதி அறையில் ஏழெட்டு முறை பார்த்தேன். மடித்துக் கட்டிய கைலி, தலையில் துண்டு, லாரியின் முகப்பு வெளிச்சத்தில் மினுங்கும் வியர்வை. முருங்கைக்காய்க் கட்டுகளின் உச்சியில் நின்று கயிற்றை வீசுகிறார். கீழே இறங்கி வந்து கண்ணி போட்டு, ஒரு காலை லாரியில் ஊன்றி, உடம்பு முழுவதையும் சாய்த்து இழுக்கிறார். சிரிப்பார்களோ என்று அஞ்சினேன். அஞ்சினேன் என்பதை இங்கே எழுதத்தான் இத்தனை நாள் தயங்கினேன்.

யாரும் சிரிக்கவில்லை. “இவர் என் அப்பா. ஆசிரியர் என்று நான் சொன்னது தவறு” என்றேன். அதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. அந்தச் சிறுவன் படத்தை நிறுத்தச் சொல்லி, கண்ணியை எந்தப் பக்கம் முறுக்குகிறார் என்று பார்த்தான். அவன் இத்தனை நாளும் மறுபக்கமாக முறுக்கியிருக்கிறான். பிறகு ஒரு சிறுமி கை தூக்கினாள்.

“அவர் ஏன் தலைக்கவசம் போடவில்லை?”

சிறு பாறையில் ஏறவே கவசம் மாட்டிவிடும் பழக்கத்தில் வளர்ந்த குழந்தை. கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். இரண்டாண்டுக்கு முன் அப்பா சுமை மேலிருந்து விழுந்து ஒரு மாதம் படுத்திருந்தார். அந்த மாதம் வீட்டில் அடுப்பு எரிந்தது அம்மா வட்டிக்கு வாங்கிய பணத்தில். அப்போதுகூட எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை. பி.எஸ்ஸி. படிக்கும் எனக்கும் தோன்றவில்லை. ‘அங்கே வழக்கமில்லை’ என்று சொல்லி வைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தால், அது ஒரு பதிலாக அவளுக்குப் படவில்லை.

புறப்படும் முன் எனக்கும் முறைப்படி உறுதிமொழி செய்துவைத்தார்கள். அந்நாட்டுக் குடிகள் மன்னரின் பெயரைச் சொல்லும் இடத்தில், என் போன்றோர் ‘நான் இப்போது வாழும் நாடு’ என்று சொல்லலாம். கழுத்துத் துணியை அணிவித்து அகேலா இடக் கையை நீட்டினார். இம்முறை நானும் சரியாக நீட்டினேன்.

சனவரியில் ஊர் திரும்பிய மறுநாள், சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் அந்தச் சிறுமியின் கேள்வியைச் சொன்னேன். சிரித்தார்.

“கவசம் மாட்டுனா மூட்டை எப்படித் தலையில நிக்கும்?”

“சுமக்கும்போது வேண்டாங்கப்பா. மேல ஏறிக் கட்டும்போது போடலாம்ல?”

சோற்றைப் பிசைந்துகொண்டே சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “என்ன வெலை இருக்கும்?” என்றார்.